அக்காவின் காருக்கு பிரேக் மாற்றிய மாதங்கள்

எங்கள் பட்டறைக்கு வேலைக்கு வருகிறவை பெரும்பாலும் ஒரு ஆள் கையில் தூக்கக்கூடிய சாமான்கள்தான். நிட்டிங் மெஷினின் தேய்ந்துபோன கேம், பல் உடைந்த கியர், காம்பேக்டிங் மெஷினின் புஷ். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் பதினெட்டு வருஷமாக இந்த வேலையைச் செய்கிறோம். லேத்தில் நிற்பது நான். அவர் இதற்கு முன்பு ஒரு தனியார் பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர், வெல்டிங்கும் வெளிவேலையும் அவருடையது. இரண்டு பேருமே கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள்.

ஒரு நாள் காலை பட்டறை வாசலில் ஒரு லோடு வண்டி வந்து நின்றது. அதன் தட்டில், நாலு பக்கமும் கயிறு கட்டி, ஒரு கார் இருந்தது.

நான் லேத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். பிறகு வெகுநேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததாக என் வீட்டுக்காரர் இப்போதும் சொல்வார். நீண்ட மூக்கு. பின்பக்கமாகச் சரிந்து இறங்கும் கூரை. இரண்டே இருக்கை. கீழே இறக்கி வைத்தபோது அதன் உயரம் என் நெஞ்சுக்குக்கூட வரவில்லை. பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு நிறம், டையிங் யூனிட்காரர்களின் ஷேடு கார்டில்கூட நான் பார்க்காத நிறம். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் என்றார் கூட வந்த அக்கா. அந்த மூக்கின் வளைவு ஒரே தகட்டில் அடித்தது என்று தெரிந்ததும் நான் கையை எடுத்துவிட்டேன். என் கையில் கிரீஸ் இருந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அவரை அக்கா என்று மட்டுமே கூப்பிட்டுப் பழக்கம். ஐம்பத்தைந்து வயதிருக்கும், என்னைவிட ஒன்பது வருஷம் மூத்தவர். பனியன் கம்பெனிகளின் கட்டிங் டேபிளில் விழும் துண்டுத் துணியை வாங்கி, நிறம் பிரித்து, பேல் கட்டுகளாக அழுத்தி நூல் மில்களுக்கு அனுப்புகிற வியாபாரம். அத்தா என்று அவர் சொல்லும் அப்பா தொடங்கியது, இப்போது முழுக்க இவர் கையில். லோடு டெம்போவை இருபது வருஷம் அவரே ஓட்டியவர். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பல்லடம் ரோட்டில் அவர் டெம்போ ஓட்டிப் போவதை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு. துணித் துண்டை இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு தரம் உருட்டிவிட்டு, இதில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவருடைய பேல் அழுத்தும் மெஷினுக்கு புஷ் கடைந்து கொடுத்ததில்தான் எங்களுக்குப் பழக்கம்.

காரை அவர் சாமளாபுரத்தில் கண்டுபிடித்திருக்கிறார். ஓடாமல் மூடிக்கிடந்த ஒரு விசைத்தறி ஷெட்டில் கழிவு நூல் வாங்கப் போனபோது, மூட்டைகளை எடுக்க எடுக்க அடியில் இது இருந்ததாம். ஷெட்காரரின் அண்ணன் மலேசியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. ஷெட்காரருக்கு அது இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஒரு சாமான். அக்கா அன்றைக்கே கேட்டு, பேப்பர்களோடு வாங்கிவிட்டார். கோயமுத்தூரில் ஒரு மெக்கானிக் ஒரு வருஷம் வைத்திருந்து எஞ்சினைச் சரிசெய்து கொடுத்தார். ஓட்டிப் பார்த்த இரண்டாவது வாரம், அவிநாசி ரோட்டில் முன்னால் போன துணி ரோல் லாரி திடீரென்று நின்றிருக்கிறது. அக்கா முழு பலத்தோடு மிதித்தும் கார் வழுக்கிக்கொண்டே போய், வலப்பக்கம் இழுத்து, எதிரே வருகிற வண்டிகள் பக்கமாகத் திரும்பி நின்றது. லாரியின் பின்கதவுக்கும் காரின் மூக்குக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான் இருந்ததாம். அன்றிலிருந்து அவர் அதை ஓட்டவில்லை.

“ஓட வைக்கறதுக்கு ஆளுக இருக்காங்க அம்மிணி,” என்றார் என்னிடம். “நிக்க வைக்கறதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்.”

எங்களுக்குக் கார் வேலை பழக்கமில்லை என்று சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் அதற்குள் முன்சக்கரத்தைக் கழற்றியிருந்தார்.

உள்ளே இருந்தது ரொம்ப எளிமையான ஏற்பாடு. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய, தடிமன் குறைந்த ஒரு டிஸ்க். அதை இரண்டு பக்கமும் பிடிக்கிற சின்ன காலிபர், அதற்குள் பக்கத்துக்கு ஒரு பிஸ்டன், பிஸ்டன் தள்ளும்போது டிஸ்க்கை உரசிப் பிடிக்கிற பேடு. சக்கரத்துக்கு மேலே நெட்டுக்குத்தாக ஒரு இரும்புக் குழாய், அதைச் சுற்றிச் சுருள்வில், குழாய்க்குள் ஷாக் அப்சர்பர். ஸ்ட்ரட் என்பது இதுதான். காரின் முன்பக்க எடை முழுவதும் இந்த இரண்டு குழாய்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பின்சக்கரத்தில் டிரம் பிரேக். இவ்வளவு பெரிய வேகத்துக்கு இவ்வளவுதானா என்று எனக்கு இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நாங்கள் படித்தோம். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதும் போனில் இந்தக் காரின் பிரேக்தான். உலகத்தில் எங்கெங்கோ இந்தக் காரை வைத்திருப்பவர்கள் என்னென்னவோ செய்திருக்கிறார்கள். பார்த்ததில் மூன்று வழி தெரிந்தது. ஒன்று, பழையதையே புது பேடு, ஆயில் போகிற புது ஹோஸ் போட்டுச் சரிசெய்வது. இரண்டு, அதே நாட்டுப் பழைய பிக்கப் வண்டி ஒன்றின் நாலு பிஸ்டன் காலிபரை மாட்டுவது. அதன் போல்ட் துளைகள் இந்தக் காருக்கு அப்படியே பொருந்தும். கூடவே, நடுவில் காற்றுப் போக இடைவெளி விட்ட தடித்த டிஸ்க் போட வேண்டும். மூன்றாவது, பந்தயக் கார்களுக்குச் செய்கிற பெரிய செட். சிவப்பு காலிபர், ஆறு பிஸ்டன், தாம்பாளம் மாதிரி டிஸ்க். அதற்குச் சக்கரத்தையும் பெரிதாக்க வேண்டும்.

எனக்கு மூன்றாவதின் மேல்தான் ஆசை. ஒப்புக்கொள்கிறேன், படத்தைப் பார்த்துத்தான். அந்த டிஸ்க்கை நடுப்பகுதியோடு சேர்க்கும் வளையத்தை நானே கடைய வேண்டியிருக்கும், அப்படி ஒரு வேலை என் லேத்துக்கு வந்ததே இல்லை. என் வீட்டுக்காரருக்கு முதல் வழி. செய்தவன் கணக்குப் போட்டுத்தான் செய்திருப்பான், அதில் கை வைக்காதே என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் அக்காவிடம் அவரவர் நியாயத்தைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முதலில் இருக்கிறதை வைத்து எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிடலாமா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொழிற்பேட்டையின் பின்பக்க ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது. ரோட்டின் ஒரு முனையில் என் வீட்டுக்காரர் நின்று வண்டி எதுவும் வராமல் பார்த்துக்கொண்டார். சாக்பீஸால் நான் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அக்கா அறுபது வேகத்தில் வந்து அந்தக் கோட்டில் பிரேக் மிதிக்க வேண்டும். கார் நின்ற இடத்தில் இன்னொரு கோடு. உடனே திரும்பிப் போய், பிரேக் ஆறுவதற்குள் மறுபடியும்.

முதல் மூன்று தடவை மோசமில்லை. நான்காவதில் நின்ற இடம் தள்ளிப் போயிற்று. ஆறாவதில் ஒரு கார் நீளம் தாண்டிவிட்டது. கருகிய வாசனை வந்தது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றார் அக்கா. ஒவ்வொரு தடவையும் வலப்பக்கம் இழுத்தது.

மறுநாள் பிரேக் ஆயிலை வடித்தோம். டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. புது ஆயில், புது ஹோஸ், புது பேடு. அடுத்த ஞாயிறு மறுபடி அதே ரோடு, அதே கோடு. இந்தத் தடவை எட்டு வரை தாங்கியது, ஒன்பதாவதில் மறுபடி பஞ்சு. என் வீட்டுக்காரர் ஜெயித்துவிட்ட முகத்தோடு நின்றார். ஆனால் வலப்பக்க இழுப்பு போகவே இல்லை. நாங்கள் இருவரும் காலிபரில் ஏதோ கோளாறு என்று சக்கரத்தின் அருகில் குனிந்து பேசிக்கொண்டிருந்தோம்.

அக்கா காரைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடந்துபோனார். எட்டாவது தடவை சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு மிதித்ததில் இரண்டு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. அவர் அந்தக் கோட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, கை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“வலது கோடு முழுசா இருக்குதுங்க அம்மிணி. இடது பாருங்க, தையல் விட்ட மாதிரி இருக்குது.”

குனிந்து பார்த்தேன். வலது டயரின் கோடு ஒரே கறுப்பாக, அறாமல் ஓடியிருந்தது. இடதுபக்கம் ஒரு சாண் கோடு, நாலு விரல் இடைவெளி, மறுபடி ஒரு சாண் கோடு. ஓவர்லாக் மெஷினில் ஊசி மழுங்கினால் தையல் இப்படித்தான் விட்டு விட்டு விழும். அந்த இடைவெளிகளில் டயர் தரையிலேயே இல்லை. பிரேக் மிதிக்க மிதிக்க இடது சக்கரம் குதித்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு பக்கம் தரையைப் பிடிக்கிறது, ஒரு பக்கம் பிடித்துப் பிடித்து விடுகிறது. அப்புறம் கார் வலப்பக்கம் இழுக்காமல் என்ன செய்யும்?

இத்தனை வாரமாக நான் டிஸ்க்கின் விட்டத்தையும் பிஸ்டனின் எண்ணிக்கையையும் படித்துக்கொண்டிருந்தேன். பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. காரைப் பிடிப்பது ரோடு. ரோட்டுக்கும் காருக்கும் நடுவில் இருப்பது ஒரு உள்ளங்கை அகல ரப்பர், அந்த ரப்பரைத் தரையிலேயே அழுத்தி வைத்திருக்கிற வேலை ஸ்ட்ரட்டுடையது. இதையெல்லாம் நானும் போனில் படித்திருந்தேன்தான். ஆனால் ரோட்டில் எழுதியிருந்ததை வாசித்தது அவர்.

அங்கேயே, ரோட்டோரம் நின்றுகொண்டே முடிவு செய்தோம். முதலில் ஸ்ட்ரட். பிறகு, சூட்டைத் தாங்குவதற்காக, இரண்டாவது வழி: காற்றுப் போகும் டிஸ்க்கும் நாலு பிஸ்டன் காலிபரும். நிறுத்தும் பலம் முதல் மூன்று மிதியில் போதுமானதாகத்தான் இருந்தது, சூடேறின பிறகுதான் அது தீர்ந்துபோகிறது. ஆகவே இன்னும் பெரிய பிரேக் தேவையில்லை, சூட்டைச் சீக்கிரம் உதறிவிடும் பிரேக்தான் தேவை. சிவப்பு காலிபரைப் பற்றி நான் கடைசியாக ஒருமுறை பேச்செடுத்தேன். பந்தயத்துக்குப் போகிற வயசா எனக்கு என்று அக்கா சிரித்தார். முன்பக்கம் அளவுக்கு மீறிப் பிடித்தால் பின்பக்கம் சும்மா வரும், பஸ்ஸில் அதை நான் பார்த்திருக்கிறேன் என்றார் என் வீட்டுக்காரர். அதோடு அந்த ஆசையை விட்டேன்.

ஸ்ட்ரட்டிலும் ஒரு தேர்வு இருந்தது. குழாய்க்குள் அப்படியே இறக்கிவிடுகிற மூடிய ஷாக் அப்சர்பர் கிடைக்கிறது, இன்செர்ட் என்று பெயர். நல்லதாகத் தெரிந்த இன்செர்ட் இந்தக் காரின் குழாயைவிடக் குட்டை. வெளிநாட்டில் பலர் குழாயையே அறுத்து, குறைத்து, மறுபடி வெல்டு வைத்துவிடுகிறார்கள். காரும் தாழ்ந்து அழகாக நிற்கும். என் வீட்டுக்காரருக்கு வெல்டிங் நன்றாக வரும். ஆனால் அவர்தான் வேண்டாம் என்றார். ஒரு பெண் தனியாக ஓட்டிப் போகிற காரின் முன் எடை முழுவதும் என்னுடைய ஒரு வெல்டின் மேல் நிற்க வேண்டாம் என்றார். இருபத்திரண்டு வருஷ வாழ்க்கையில் தன் வெல்டைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

“வெட்டாம முடியுங்களா அம்மிணி?” என்று அக்கா என்னைக் கேட்டார்.

முடியும். குறைகிற உயரத்துக்கு அடியில் ஒரு ஸ்பேசர் கடைந்து வைத்தால் போதும். நான் ஆசைப்பட்ட பெரிய வளையத்துக்குப் பதிலாக எனக்குக் கிடைத்த வேலை, டம்ளர் அளவுள்ள இரண்டு இரும்புத் துண்டுகள்.

சாமான்கள் வந்து சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. டிஸ்க்கும் இன்செர்ட்டும் பார்சலில் வந்தன. காலிபர்களை அக்காவே கோயமுத்தூர் பழைய உதிரிபாகக் கடைகளில் நாலு தடவை அலைந்து தேடிக் கொண்டுவந்தார். பிரித்து, துரு எடுத்து, புது சீல் போட்டோம். பெரிய காலிபருக்கு ஆயில் அதிகம் தள்ள வேண்டும் என்பதால் பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கினோம்.

ஸ்ட்ரட் குழாயின் வாயிலுள்ள மரை மூடிதான் கடைசி வரை முரண்டு பிடித்தது. எஞ்சினைப் பார்த்த கோயமுத்தூர் மெக்கானிக் திறக்க முயன்று கைவிட்டதும் அதைத்தானாம். இரண்டு நாள் எண்ணெய் ஊறவைத்து, சுற்றிலும் சூடு காட்டி, அந்த மூடிக்கென்றே ஒரு ஸ்பேனர் செய்து திருப்பினேன். மூன்றாம் நாள் ஒரு சத்தத்தோடு விட்டது. முதலில் திறந்தது வலது குழாய். கவிழ்த்ததும் கறுப்பாக ஆயில் கொட்டியது. அப்புறம் இடது. தட்டின் மேல் பிடித்துக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. குலுக்கினேன். துருத் தூள் மட்டும் வந்தது. எத்தனை வருஷத்துக்கு முன்னால் அந்த ஆயில் கசிந்து போயிற்றோ.

அக்கா அப்போது பட்டறையில் இல்லை. நான் அந்தக் காய்ந்த குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். இரும்பைத் திறக்காமல், ரோட்டைத் தொட்டுப் பார்த்து, இதை ஒருவர் சொல்லிவிட்டாரே.

ஸ்பேசர் இரண்டையும் அன்று மத்தியானமே கடைந்தேன். குழாயின் ஆழம், இன்செர்ட்டின் நீளம், மூடி உள்ளே இறங்கும் அளவு எல்லாவற்றையும் நாலு தடவை வெர்னியரில் அளந்தேன். கொஞ்சம் குட்டையானால் உள்ளே ஆடித் தட்டும், கொஞ்சம் உயர்ந்தால் மூடி முழுதாக ஏறாது. கச்சிதமாக உட்கார்ந்தது. சூட்டை வெளியே கடத்துவதற்காகக் குழாய்க்கும் இன்செர்ட்டுக்கும் நடுவே கொஞ்சம் ஆயில் ஊற்றி மூடினேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்தது காலிபர். மாட்டிவிட்டுச் சக்கரத்தை வைத்தால் உள்ளே இடிக்குமா என்று வெளியிலிருந்து தெரியாது. அக்கா வீட்டிலிருந்து பிசைந்த சப்பாத்தி மாவு கொண்டுவந்தார். காலிபரின் முதுகில் மாவை உருண்டையாக ஒட்டி, சக்கரத்தை மாட்டி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினோம். மாவு மூன்று மில்லிமீட்டருக்கு நசுங்கி நின்றது. அவ்வளவு இடம் போதும். சக்கரத்தின் உள்பக்கம் ஒட்டியிருந்த பேலன்ஸ் ஈயத்தை மட்டும் டயர் கடையில் கொடுத்து வெளிப்பக்கம் மாற்றச் சொன்னோம்.

பிறகு லைனில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் காலிபரிலுள்ள நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். ஆயிலோடு குமிழி வரும். குமிழி நின்றால் காற்று தீர்ந்தது. அக்கா மிதித்தார், நான் கீழே படுத்திருந்தேன். மிதிங்க, பிடிங்க, விடுங்க. காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். குமிழி நின்றுவிட்டது, ஆனாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருந்தது. இரண்டு டப்பா ஆயில் தீர்ந்தது. மாஸ்டர் சிலிண்டர் மேல் சந்தேகப்பட்டு அதைக் கழற்றி மாட்டினேன். மாலை நாலு மணிக்கு எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அறுபது வேகத்தை விழுங்குகிற ஒரு ஏற்பாட்டை ஒரு கடுகளவு காற்று தோற்கடிக்கிறது.

அக்கா இறங்கி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சக்கரத்தின் உள்ளே எட்டிப் பார்த்தார். காற்று வெளியே போகிற ஓட்டை எது என்று கேட்டார். நிப்பிளைக் காட்டினேன்.

“காத்து மேலதானுங்க போகும்,” என்றார் தயங்கியபடி. “இந்த ஓட்டை அடியில இருக்குதே.”

இடது காலிபரை வலதுபக்கமும் வலது காலிபரை இடதுபக்கமும் மாட்டியிருந்தேன். இரண்டும் இரண்டு பக்கமும் பொருந்தும், ஆனால் அப்படி மாற்றினால் நிப்பிள் கீழே வந்துவிடும். அடியிலிருக்கிற ஓட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலே தேங்கி நிற்கிற காற்றை ஆறு மணிநேரம் வெளியே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கப் போனார். அதற்கு நான் இன்றும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். பக்கம் மாற்றி மாட்டியதும் அரை மணியில் பெடல் கல் மாதிரி ஆயிற்று.

புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். முழுதாக நிறுத்தாமல், வேகம் ஏற்றி, பாதி குறைத்து, மறுபடி ஏற்றி, ஒரு காலை முழுவதும் அக்கா அதைச் செய்தார். அப்புறம் சாக்பீஸ் கோட்டுக்கு வந்தோம். பத்து தடவை. பத்தாவது தடவையும் கார் முதல் தடவை நின்ற இடத்தில்தான் நின்றது. நான் போட்ட கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, ரோட்டில் தடித்த ஒரே வெள்ளைப் பட்டையாகிவிட்டன. ஆறாவது தடவை அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை லேசாக எடுத்துக் காட்டினார். மூக்கு எந்தப் பக்கமும் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் அந்த முனையிலிருந்து நடந்து வந்து, ரோட்டில் விழுந்திருந்த இரண்டு கறுப்புக் கோட்டையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் முடிந்ததும், உடுமலைக்கு அப்பாலிருக்கும் கொமரலிங்கம் வரை போய்வரலாம் என்று அக்கா என்னைக் கூப்பிட்டார். வளைவும் நிழலும் உள்ள ரோடு, காரை ஓட்டிப் பார்க்க நல்ல ரோடு. இரண்டே இருக்கை என்பதால் நாங்கள் இருவர் மட்டும். அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்து நான் எதிலும் போனதில்லை. ரோடு இடுப்புக்குப் பக்கத்தில் ஓடுகிறது. பல்லடம், உடுமலை எல்லாம் தாண்டி வயல்காட்டுக்கு நடுவே போகும்போது எஞ்சின் சத்தம் மாறி, ஒரே சீரான இழுப்பாயிற்று.

கொமரலிங்கத்து ஆற்றுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு. இரண்டு பக்கமும் தென்னை. வளைவைத் தாண்டியதும், தோப்புக்குள்ளிருந்து தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர் ரோட்டுக்குள் வந்துவிட்டது. டிரெய்லர் எங்கள் பக்கத்து ரோட்டை முழுதாக அடைத்தது. எதிர்ப்பக்கம் ஒரு பஸ்.

நான் சீட்டைப் பிடித்தேன். அக்கா பிரேக்கை மிதித்தார். என் உடம்பு முன்னால் போய் பெல்ட்டில் அழுந்தியது. மூக்கு கொஞ்சம் குனிந்து, அப்படியே நின்றது. முன்பக்கம் ஏதோ பெரிய கை பிடித்துக்கொண்ட மாதிரி, நேராக, துளிகூட விலகாமல். கார் நின்ற பிறகு பார்த்தால் டிரெய்லருக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னொரு கார் நிற்கும் இடம் மிச்சமிருந்தது. மட்டை ஒன்று டிரெய்லரிலிருந்து சரிந்து ரோட்டில் விழுந்தது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோயிற்று.

டிராக்டர்காரர் இறங்கி ஓடி வந்தார். பார்க்கவில்லைங்க, மன்னிச்சுக்கங்க என்று இரண்டு மூன்று முறை சொன்னார். அக்கா, ஒன்றுமில்லைங்க, நீங்க பாத்துப் போங்க என்று மட்டும் சொன்னார். அவர் குரல் நடுங்கவில்லை.

காரை ஓரமாக ஒதுக்கி இறங்கினோம். நான் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினேன். சக்கரத்தின் ஓட்டைகள் வழியாக அனல் முகத்தில் அடித்தது. டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட்டு ஆறிக்கொண்டிருந்தது. அக்காவும் வந்து குந்தினார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எங்கள் இருவரையும் அந்தக் காரையும் சுமந்துகொண்டு போன வேகம் முழுவதும் இதற்குள் வந்து சூடாகி, இப்போது காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. இரும்பு அதை வாங்கிக்கொண்டது, வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நான் தினமும் கையாள்கிற பொருள்தான் இரும்பு. அன்றைக்கு அதைப் பார்த்து எனக்குக் கும்பிடத் தோன்றியது.

அக்கா கையை அந்த அனலில் காட்டினார். பிறகு தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். சாவியை என்னிடம் நீட்டினார்.

“திரும்பறப்ப நீங்க ஓட்டுங்க அம்மிணி.”

லோடு ஆட்டோ ஓட்ட எடுத்த லைசென்ஸ் என்னிடம் இருந்தது. இந்தக் காரை ஓட்டுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. வேண்டாமென்றேன். அவர் ஏற்கெனவே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

உடுமலை வரை நாற்பதைத் தாண்டவில்லை. ஊரைத் தாண்டிய பிறகு கொஞ்சம் தைரியம் வந்தது. பல்லடம் நெருங்கும்போது முன்னால் ஒரு டெம்போ வேகம் குறைத்தது. நான் பிரேக்கில் கால் வைத்தேன். பெடலுக்குக் கீழே முதலில் ஒரு எதிர்ப்பு, அப்புறம் அந்த எதிர்ப்பு என் காலுக்கு இசைந்து கொடுத்தது. எவ்வளவு அழுத்தினேனோ அவ்வளவு குறைந்தது, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. நான் கடைந்த இரண்டு துண்டும் எங்கோ முன்னால், குழாய்க்குள், கண்ணுக்குத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தன. டெம்போ வலப்பக்கம் திரும்பிப் போயிற்று. அக்கா அடுத்த வாரம் வரவேண்டிய பேல் லோடு பற்றிப் பேசத் தொடங்கினார், நான் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.